நிலை ஆற்றல் யாருடையது?

மழைக்காலத்தில் தேனி, இடுக்கிப் பக்கத்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இரண்டு எண்கள் பழக்கமானவை. முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டம் 142 அடி. இடுக்கி அணையின் நீர்மட்டம் 2403 அடி. முதலாவது, 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த மட்டம். இரண்டாவது, இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழு மட்டம். இரண்டும் பெரியாற்று நீரைத் தேக்குபவை. முல்லைப்பெரியாற்றின் உபரிநீர் மதகைத் திறந்தால் தண்ணீர் இடுக்கிக்குப் போகிறது. அதாவது, 142 அடியில் நின்ற தண்ணீர் 2403 அடிக்கு இறங்கி ஓடுகிறது.

இதில் மாயம் எதுவுமில்லை. முல்லைப்பெரியாற்றின் அடிக்கணக்கு அந்த அணைக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சுழியிலிருந்து தொடங்குகிறது. இடுக்கியின் கணக்கு கடல் மட்டத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டையும் கடல் மட்டத்திலிருந்தே அளந்தால் முல்லைப்பெரியாறு பல நூறு அடி மேலே இருக்கிறது. மேட்டூரின் 120 அடியும் அந்த அணையின் சொந்தக் கணக்குதான். கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் அதே நீர்மட்டம் 790 அடி. தண்ணீருக்கு 120-உம் தெரியாது, 790-உம் தெரியாது. இங்கிருந்து அங்கே எவ்வளவு இறக்கம் என்பது ஒன்றுதான் அதை நகர்த்துகிறது.

அணைப் பொறியாளர்கள் இதில் குழம்புவதில்லை. உழவர்களும் குழம்புவதில்லை. ஆனால் இதே செய்தி பள்ளி இயற்பியலில் 'நிலை ஆற்றல்' என்ற பெயரோடு வரும்போது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தை அவர்களுடைய அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது என்பதே என் கருத்து. நாம் சொல்லிக்கொடுக்கும் வாக்கியத்திலேயே பிழை இருக்கிறது. அந்தப் பிழையின் மேல் 19-ஆம் நூற்றாண்டின் மிகக் கூர்மையான அறிவியலாளர்கள் சிலரும் இடறியிருக்கிறார்கள்.

ஒரு பொருள் தான் இருக்கும் இடத்தாலோ தன் வடிவத்தாலோ பெற்றிருக்கும் ஆற்றல் நிலை ஆற்றல்: ஏறத்தாழ இந்தப் பொருளில்தான் பள்ளிகளில் வரையறை சொல்லப்படுகிறது. மாணவர் மனப்பாடம் செய்கிறார், நிறையை ஈர்ப்பு முடுக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கு என்று 'எம்ஜிஹெச்' வாய்பாட்டைப் போடுகிறார், மதிப்பெண் வாங்குகிறார். முதல் மாடியில் மேசைமேல் இருக்கும் புத்தகத்துக்கு எவ்வளவு நிலை ஆற்றல் என்று கேட்டுப் பாருங்கள். உயரத்தை மேசையிலிருந்து எடுத்தால் சுழி. மாடித் தரையிலிருந்து எடுத்தால் ஒரு விடை, தெருவிலிருந்து எடுத்தால் இன்னொரு விடை, மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் எதிர்க்குறியோடு ஒரு விடை. ஒரு பொருள் பெற்றிருக்கும் சொத்து, கேட்பவர் எங்கே சுழி போடுகிறார் என்பதற்கேற்ப மாறுமா? என் சட்டைப்பையில் இருக்கும் பணம், அடுத்தவர் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறார் என்பதைப் பொறுத்து மாறாது. எனவே 'பெற்றிருக்கும்' என்ற வினையை நாம் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

அதற்கு முன் 'நிலை' என்ற சொல்லிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழில் இது மிக விரிந்த சொல். ஊரைச் சுற்றி வந்த தேர் 'நிலைக்கு வந்தது' என்கிறோம். அங்கே நிலை என்றால் அசையாமல் நிற்கும் இடம். வாசற்கால் நிலை எனப்படுகிறது. உடல்நிலை, மனநிலை, வானிலை எல்லாம் இருக்கும் விதத்தைக் குறிப்பவை. இயற்பியல் புத்தகத்துக்குள் வந்தால் ஓய்வு நிலை, நிலைமம், நிலையியல், நிலைமின்னியல் என்று 'நிற்பது' என்ற பொருளே மேலோங்குகிறது. இவற்றுக்கு நடுவில் 'நிலை ஆற்றல்' வருகிறது. அதற்குச் சோடியாக 'இயக்க ஆற்றல்' வருகிறது. பிள்ளை என்ன நினைக்கும்? நிற்கும் பொருளுக்கு நிலை ஆற்றல், ஓடும் பொருளுக்கு இயக்க ஆற்றல் என்று நினைக்கும். மொழியறிவு உள்ள பிள்ளை அப்படித்தான் நினைக்க வேண்டும். ஆனால் மேலே எறிந்த பந்து பறந்துகொண்டிருக்கும்போதே அதன் கணக்கில் நிலை ஆற்றலும் உண்டு, இயக்க ஆற்றலும் உண்டு. தரையில் அசையாமல் கிடக்கும் கல்லுக்கு, தரையைச் சுழியாக வைத்தால் இரண்டுமே இல்லை. நிற்பதற்கும் ஓடுவதற்கும் இந்த இடத்தில் வேலையே இல்லை.

இலங்கைத் தமிழ் மாணவர்கள் இதையே 'அழுத்த சக்தி' என்று படிக்கிறார்கள். அங்கே வாயுவும் நீரும் தருவதை 'அமுக்கம்' என்று தனியே பிரித்துவிட்டதால், 'அழுத்தம்' என்ற சொல் மின்னழுத்தத்துக்கும் அழுத்த சக்திக்கும் பொதுவாகக் கிடைத்தது. அது ஒரு நல்ல வசதி. மின்சாரத்தில் நாம் எப்போதும் 'வேறுபாடு' என்றே பேசுகிறோம். உயரழுத்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை; அதன் இரண்டு கால்களுக்கும் இடையில் வேறுபாடு மிகமிகக் குறைவு. இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே சிந்தனையை இயக்கவியல் பாடத்துக்குக் கொண்டுபோகும் பாலம் தமிழ்நாட்டுச் சொல்லில் இல்லை. இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அழுத்தம் என்றால் மிதிவண்டி டயரில் இருப்பதுதான்.

இந்தச் சொற்சிக்கல் தமிழுக்கு மட்டும் வந்ததன்று. 1852-இல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் இவர்தான் கெல்வின் பிரபு) இயற்கையின் ஆற்றல் சேமிப்புகளை இரண்டாகப் பிரித்தார். உயரத்தில் இருக்கும் எடைகள், மின்னேற்றம் பெற்ற பொருள், எரிபொருள் ஆகியவற்றை ஒரு வகையாக வைத்தார். ஓடும் பொருள்கள், ஒளி, வெப்பம் ஆகியவற்றை மறுவகையாக வைத்தார். முதல் வகைக்கு அவர் இட்ட பெயர் 'ஸ்டாட்டிகல்'. தமிழில் சொன்னால், நிலைத்தது. நம்முடைய 'நிலை ஆற்றல்' என்ற சொல்லை ஒரு பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளுமோ, அதே பொருளில் தாம்சன் ஒரு பெயரை வைத்துப் பார்த்திருக்கிறார். பின்பு அவரே அதைக் கைவிட்டார்.

1853 ஜனவரியில் கிளாஸ்கோவின் தத்துவக் கழகத்தில் வில்லியம் ரேங்கின் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை படித்தார். அதில்தான் 'பொட்டென்ஷியல் எனர்ஜி' என்ற பெயர் பிறந்தது. அவர் அதற்கு எதிர்ச்சோடியாக வைத்தது 'ஆக்சுவல் எனர்ஜி'. இப்போது வெளிப்பட்டு நிற்பது ஒன்று, வெளிப்படக்கூடியதாக உள்ளே இருப்பது மற்றொன்று என்ற பழைய கிரேக்கத் தத்துவப் பிரிவினை அது. நெருப்பும் தீக்குச்சியும் போல. பின்னர் தாம்சனும் பீட்டர் டெய்ட்டும் 'ஆக்சுவல்' என்பதை எடுத்துவிட்டு 'கைனெடிக்' என்பதை வைத்தார்கள். 1867-இல் வந்த அவர்களுடைய பெருநூல் அந்தச் சோடியை நிலைநிறுத்தியது. ஒரு பக்கம் தத்துவச் சொல், மறுபக்கம் அசைவைக் குறிக்கும் சொல். ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்த இணைதான் உலகெங்கும் பரவியது. நாம் மொழிபெயர்த்ததும் இதைத்தான்.

வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இந்தப் பெயரைக் கண்டித்தார். இயக்க ஆற்றல் குறையும்போதெல்லாம் 'மீதி உள்ளே இருக்கிறது' என்று சொல்லிவிட்டால், ஆற்றல் அழியாது என்ற விதி எப்போதும் உண்மையாகத்தானே இருக்கும், அதில் புதிதாக என்ன சொல்லிவிட்டீர்கள் என்பது அவருடைய கேள்வியின் சாரம். ரேங்கின் 1867-இல் அதற்குப் பதில் எழுதினார். ஹெர்ஷலின் கேள்வியை நான் அற்பமாக நினைக்கவில்லை. வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் இதே கேள்வியைக் கேட்டால், அவளுக்கு நேர்மையான பதில் சொல்ல ஆசிரியரிடம் சரக்கு இருக்க வேண்டும்.

பதில் இருக்கிறது. அது ரேங்கினுக்கும் முற்பட்டது. 1686-இல் லைப்னிட்ஸ், நான்கு பவுண்டு எடையை ஓரடி உயர்த்த எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே ஒரு பவுண்டு எடையை நான்கடி உயர்த்தவும் வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்து வாதிட்டார். நம் ஊர்க் கிணற்றடியில் ஏற்றம் மிதித்தவர்களுக்கு அந்தக் கணக்கு உடம்பால் தெரியும். துலாமரத்தின் மேல் ஒருவர் பின்னோக்கி நடந்து இறங்கும்போது அவருடைய உடல் எடை தாழ்கிறது, சால் உயர்கிறது. திரும்ப மேலேறி வரும்போது கால்கள் கூலி கொடுக்கின்றன. இங்கே ஓர் உயரம் இன்னோர் உயரத்துக்கு விற்கப்படுகிறது. உயரத்தை வேகத்துக்கு விற்றால் என்ன விலை? 1720-களில் லெய்டன் நகரத்தில் ஸ்க்ராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்காயிற்று. அந்த வேகத்துக்கு வேண்டிய உயரமும் நான்கு மடங்கு. ஆக, விலை நிலையானது. எங்கே செய்தாலும், எப்போது செய்தாலும் அதே விலை. ஹெர்ஷலுக்கான பதில் இதுதான். 'மீதி உள்ளே இருக்கிறது' என்பது வெறும் சமாதானம் அன்று. உள்ளே இருப்பது எவ்வளவு என்பதை, ஓட்டத்தைப் பார்க்காமலே, இடங்களை மட்டும் அளந்து முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல முடிவதே ஒரு பெரிய கண்டுபிடிப்பு.

இடங்கள் என்று பன்மையில் சொன்னதை வாசகர் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ தேங்காய் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் இயக்க ஆற்றல் 98 ஜூல். வேகம் நொடிக்கு 14 மீட்டர். இதை இரண்டு விதமாகக் கணக்கெழுதலாம். தேங்காயை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால், வெளியிலிருந்து பூமி அதை இழுக்கிறது. அந்த இழுப்பு 98 ஜூல் வேலை செய்கிறது. அது இயக்க ஆற்றலாகிறது. இந்தக் கணக்கில் நிலை ஆற்றல் என்ற பேச்சே இல்லை. தேங்காயையும் பூமியையும் சேர்த்து ஓர் அமைப்பாக எடுத்துக்கொண்டால், வெளியிலிருந்து வேலை செய்பவர் யாருமில்லை. அமைப்புக்குள் நிலை ஆற்றல் 98 ஜூல் குறைகிறது, இயக்க ஆற்றல் 98 ஜூல் கூடுகிறது. இரண்டும் சரி. இரண்டையும் கலந்தால் தவறு. 'தேங்காயிடம் நிலை ஆற்றல் இருக்கிறது, கூடவே பூமியும் அதை இழுத்து வேலை செய்கிறது' என்று எழுதுகிற மாணவருக்கு 196 ஜூல் வரும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் என்று வரும். ஒரே சம்பளத்தை இரண்டு முறை வரவு வைத்த கணக்கு அது. அந்த மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருளே ஆற்றலைப் பெற்றிருக்கிறது என்று ஒரு பாடத்திலும், விசை பொருள்மீது வேலை செய்கிறது என்று இன்னொரு பாடத்திலும் நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்?

இந்தச் சிக்கல் பள்ளியோடு முடிந்துவிடுவதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கல்வி ஆய்வுக் குழுவில் இருந்த பெத் லிண்ட்ஸே, பாலா ஹெரான், பீட்டர் ஷாஃபர் ஆகியோர் 2009-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலை, ஆற்றல் ஆகியவற்றைப் பல பொருள்கள் சேர்ந்த அமைப்புகளுக்குப் பொருத்துவதில் பல்கலைக்கழக மாணவர்களுக்கே இடர்ப்பாடு இருப்பதை அது காட்டியது. அமைப்பின் எல்லையை எங்கே வரைகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்கும் பழக்கம், தானாக வருவதில்லை.

பூமியை மறந்துவிடுவது ஏன் இவ்வளவு எளிதாக இருக்கிறது? அதற்கும் காரணம் உண்டு. தேங்காய் கீழே வரும்போது பூமியும் மேலே வருகிறது. இரண்டின் உந்தமும் சமம். ஆனால் பூமியின் நிறை, 6-க்குப் பின் 24 சுழிகள் போட்ட கிலோ. அதனால் 98 ஜூலில் அதன் பங்கு எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு சிறியது. முழுவதும் தேங்காயின் இயக்கமாகவே வெளிப்படுகிறது. கூட்டு வியாபாரத்தில் லாபம் முழுவதும் ஒரு பங்காளியின் கைக்கே வந்தால், கடையே அவருடையது என்று ஊர் சொல்வதைப் போல 'தேங்காயின் நிலை ஆற்றல்' என்கிறோம். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். வரையறைக்குப் போதாது.

உயரம் மட்டும் தெரிந்தால் போதும், வந்த வழி தெரிய வேண்டியதில்லை என்பது இந்தக் கருத்தின் அடுத்த அழகு. பழனி மலைக்குப் படிப்பாதையில் ஏறலாம், யானைப்பாதையில் சுற்றி ஏறலாம், விஞ்சிலும் ரோப் காரிலும் உட்கார்ந்தபடியே போகலாம். மலை 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் எந்த வழியில் போனாலும் அவரும் பூமியும் சேர்ந்த அமைப்பின் நிலை ஆற்றல் கூடுவது ஒரே அளவுதான்: 88,200 ஜூல். உணவுக் கணக்கில் அது 21 கிலோகலோரி. ஓர் இட்லியில் பாதி இருக்கும். படியேறியவர் மூச்சு வாங்குகிறாரே என்றால், நம் தசைகள் உணவாற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றை மட்டுமே இயக்கமாக மாற்றுகின்றன. மற்றது உடல் வெப்பமாகிறது. களைப்பு வழியைப் பொறுத்தது. நிலை ஆற்றல் வழியைப் பொறுத்ததன்று. உராய்வுக்கு ஏன் நிலை ஆற்றல் இல்லை என்பதும் இங்கேயே விளங்கிவிடும். பெட்டியைத் தரையில் நேராக இழுத்தால் ஒரு செலவு, சுற்றி இழுத்தால் கூடுதல் செலவு. திரும்ப இழுத்துக்கொண்டு வந்தாலும் கொடுத்தது திரும்பக் கிடைக்காது. வழிக்கு வழி விலை மாறும் இடத்தில், இரண்டு இடங்களை மட்டும் சொல்லி விலை கூற முடியாது.

மேல்நிலை வகுப்பில் எதிர்க்குறி வருகிறது. பூமிக்கும் துணைக்கோளுக்கும் இடையிலான நிலை ஆற்றல் எதிர்மதிப்பு என்று கரும்பலகையில் எழுதியவுடன் வகுப்பு உறைந்துபோகும். இல்லாததைவிடக் குறைவாக ஆற்றல் எப்படி இருக்க முடியும்? பொருள் 'பெற்றிருக்கும்' சொத்து என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நியாயமான அதிர்ச்சி. மேட்டூர்க் கணக்கைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அந்த அதிர்ச்சி இருக்காது. தரையைச் சுழியாக வைத்தால் கிணற்றுக்குள் இருக்கும் வாளி எதிர்க்குறியில்தான் இருக்கும். அதைத் தரைக்குக் கொண்டுவரவே நாம் கொடுக்க வேண்டும் என்பதே அந்தக் குறிக்குப் பொருள். விண்வெளிக் கணக்கில் சுழியை முடிவிலாத் தொலைவில் வைக்கிறோம். அப்படிப் பார்த்தால் நாம் எல்லோரும் ஆழமான கிணற்றின் அடியில் இருக்கிறோம். ஒரு கிலோவை அந்தக் கிணற்றிலிருந்து முழுக்க வெளியே எடுக்க ஏறத்தாழ 62.5 மெகாஜூல் வேண்டும், நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்ற விடுபடு வேகம் அதிலிருந்து வருவதே.

எம்ஜிஹெச் வாய்பாடு அந்தக் கிணற்றின் அடியில், தரையை ஒட்டிய மெல்லிய அடுக்குக்கு மட்டும் உரியது. எவரெஸ்ட் உச்சி வரைக்கும் அதில் பிழை 0.14 விழுக்காடுதான். பூமியின் ஆர அளவு உயரத்துக்குப் போனால், அது சொல்வதில் பாதிதான் உண்மை.

துணைக்கோள்களில் இன்னொரு வியப்பு இருக்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது 3.1 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தாழ்வான சுற்றில் இருப்பதை மெல்லிய காற்று உரசி உரசிக் கீழே இறக்கும்போது, அதன் வேகம் கூடுகிறது! காற்றின் தடை ஒன்றை வேகப்படுத்துவதை 'பொருளின் ஆற்றல்' என்ற பேச்சால் விளக்கவே முடியாது. அமைப்பின் நிலை ஆற்றல் இரண்டு பங்கு குறைகிறது. ஒரு பங்கு வெப்பமாகிப் போகிறது, மற்றொரு பங்கு வேகமாகிறது என்று எழுதினால் ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

வேதியியல் வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். 'பிணைப்புகளில் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. உடைத்தால் வெளிவரும்' என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். புதுப்பிணைப்பு உருவாகும்போதே ஆற்றல் வெளிப்படும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலில் உள்ள கரியும் ஹைட்ரஜனும் அந்தக் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னும் ஆழமான கிணற்றுக்குள் விழுகின்றன. விழும் ஆழத்தின் வேறுபாடு வண்டியை ஓட்டுகிறது. காற்று இலவசமாகக் கிடைப்பதால், வண்டியில் ஏற்றி வந்த பெட்ரோலுக்கு மட்டும் பெருமை கொடுக்கிறோம். தேங்காய்க் கதைதான் இது. அங்கே பூமியை மறந்தோம், இங்கே காற்றை மறக்கிறோம்.

சரி, தேங்காயிலும் இல்லை, பூமியிலும் இல்லை என்றால், அந்த 98 ஜூல் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வி பெரியவர்களைத் தூங்கவிடவில்லை. மேக்ஸ்வெல் மின்காந்தப் புலத்தைப் பற்றிய 1865-ஆம் ஆண்டுக் கட்டுரையில், மின்சார ஆற்றலும் காந்த ஆற்றலும் சுற்றியுள்ள வெளியிலேயே பரவியிருப்பதாகக் கொண்டார். அதே கையோடு ஈர்ப்பையும் அப்படி விளக்க முயன்றார். எல்லாம் ஒன்றையொன்று ஈர்ப்பதால் கணக்கு எதிர்க்குறிப் பக்கம் போயிற்று. அப்படிப்பட்ட ஓர் ஊடகத்தைத் தம்மால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு அந்த முயற்சியை நிறுத்தினார். வானொலி அலைகளை முதன்முதலில் ஆய்வகத்தில் காட்டிய ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். அவர் 36 வயதில் இறந்த 1894-இல் வெளிவந்த இயக்கவியல் நூலின் முன்னுரையில், ஆற்றலை ஒரு பண்டம்போல நினைத்தால் நிலை ஆற்றல் அதற்கு ஒத்துவரவில்லை, அது எதிர்மதிப்பாகவும் வருகிறது என்ற மனக்குறையை எழுதினார். அதை நீக்க, கண்ணுக்குத் தெரியாத நிறைகளின் மறைந்த இயக்கமே நிலை ஆற்றல் என்று ஓர் இயக்கவியலையே புதிதாகக் கட்டிப் பார்த்தார். அந்தக் கட்டடம் நிற்கவில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் முகச்சுளிப்புக்கும் ஹெர்ட்ஸின் மனக்குறைக்கும் இடையில் நான் வேறுபாடு காணவில்லை. கேள்வி ஒன்றுதான்.

ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு இதற்கு ஓர் உறுதியான பிடி கிடைத்தது. அமைப்பின் ஆற்றல் அமைப்பின் நிறையாகத் தெரியும். இரண்டு புரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் தனித்தனியே நிறுத்தால் கிடைக்கும் நிறையைவிட, அவை சேர்ந்த ஹீலியம் அணுக்கரு ஏறத்தாழ 0.75 விழுக்காடு இலேசாக இருக்கிறது. அந்தக் குறைவு எந்த ஒரு புரோட்டானிலும் எந்த ஒரு நியூட்ரானிலும் இல்லை. நான்கும் சேர்ந்திருப்பதில் இருக்கிறது. சூரியன் எரிவது பெரும்பாலும் அந்தக் குறைவால்தான். நிலை ஆற்றல் வெறும் 'ஆகக்கூடியது' என்ற ரேங்கினின் தத்துவம் இங்கே தளர்ந்துவிடுகிறது. தராசில் தெரிவதை, இனிமேல்தான் ஆகப்போகிறது என்று எப்படிச் சொல்வது? அது இப்போதே இருக்கிறது. ஆனால் சேர்க்கையின் உடைமையாக இருக்கிறது.

பள்ளியில் அணுக்கரு வரை போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு சிறிய காந்தங்கள் போதும். அவற்றை மேசைமேல் சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டு, 'நிலை ஆற்றல் எந்தக் காந்தத்தில் இருக்கிறது?' என்று கேளுங்கள். பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் தாவும். சமமான காந்தங்களானால் சமமாகத் தாவும். யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தாவலே விடை சொல்லிவிடும். அதன் பிறகு, ஒரு காந்தத்துக்குப் பதில் பூமி, மற்றதற்குப் பதில் தேங்காய் என்று சொன்னால் வகுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைகூட ஆகாத சோதனை இது.

சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. 'நிலை ஆற்றல்' இரண்டு, மூன்று தலைமுறை ஆசிரியர்களின் நாவில் ஊறிவிட்டது. 'நிலை' என்பதற்கு இருப்பிடம், ஒன்றைப் பொறுத்து மற்றொன்று இருக்கும் விதம் என்ற பொருளும் தமிழில் உண்டு. முதல் வகுப்பிலேயே ஆசிரியர் அதைத் தெளிவாகச் சொல்லி, 'நிற்பது' என்ற பொருளை விலக்கிவிட்டால் போதும். மாற வேண்டியது வாக்கியம். பாடநூல் எழுதுபவர்களுக்கும் அதைச் சரிபார்ப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த பதிப்பில் 'ஒரு பொருள் பெற்றிருக்கும் ஆற்றல்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். 'ஒன்றின்மேல் ஒன்று விசை செலுத்தும் பொருள்கள், தம் இடங்கள் மாறும்போது கொடுக்கவோ வாங்கவோ செய்யும் ஆற்றல்' என்று எழுதுங்கள். அதன் கீழே முதல் பயிற்சிக் கணக்காக, அன்றைய நாளிதழிலிருந்து மேட்டூர், முல்லைப்பெரியாறு, இடுக்கி மூன்றின் நீர்மட்டங்களையும் கொடுத்து, எந்தத் தண்ணீர் உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.